‘வருவார்’ என்றால் எப்போது வருவார்?

நம் தாய்மொழியில் எதிர்காலம் பல வேலை பார்க்கும். ‘அப்பா நாளைக்கு ஊரிலிருந்து வருவார்’ என்கிறோம். ‘அப்பா தினமும் ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து வருவார்’ என்றும் சொல்கிறோம். முதலாவது இனி நடக்கப்போவது. இரண்டாவது வழக்கமாக நடப்பது. இரண்டுக்கும் ஒரே ‘வருவார்’தான். போதாக்குறைக்கு, ‘சின்ன வயதில் ஆற்றில்தான் குளிப்போம்’ என்று பழங்கதையையும் எதிர்கால வினையிலேயே சொல்லிவிடுகிறோம். கேட்கிற தமிழருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் வம்பு.

தில்லியில் குடியேறிய நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வரும் சகோதரி ஒருவர், இரத்த அழுத்தம் உள்ள தன் மாமியாரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மருந்து சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்டதற்கு, ‘ஷீ வில் டேக் ஒன் டேப்ளெட் டெய்லி’ என்றார். ‘தினமும் ஒன்று சாப்பிடுவார்’ என்பதைத்தான் சொன்னார். மருத்துவரோ, இனிமேல்தான் சாப்பிடப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு, அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் பழைய சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தாரோ, பிழைத்தோம்! இல்லாவிட்டால் அந்த அம்மாள் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருப்பார்.

ஆங்கில எதிர்காலத்தின் அமைப்பு என்னவோ மிக எளிது. ‘வில்’ போட்டு, அதன்பின் வினையின் மூலச்சொல்லைச் சேர்த்தால் போதும். ஐ வில் கம், யூ வில் கம், ஷீ வில் கம், தே வில் கம். தமிழில் வருவேன், வருவாய், வருவாள், வருவார்கள் என்று ஆளுக்கொரு விகுதி வேண்டும். இந்தியில் ஆண் ‘ஆவூங்கா’ என்பார், பெண் ‘ஆவூங்கீ’ என்பார். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லையே இல்லை. ‘ஷீ கம்ஸ்’ என்பதிலுள்ள ‘ஸ்’கூட, ‘வில்’ வந்தால் உதிர்ந்துவிடும். ‘வில் கேம்’, ‘வில் டு கம்’ இரண்டும் தவறு. மறுக்க ‘வில் நாட்’, பேச்சில் ‘வோன்ட்’. கேள்விக்கு ‘வில்’ முன்னே வரும்: வில் யூ கம்?

ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் படித்த பெரியவர்கள் ‘ஐ’, ‘வீ’ இரண்டுக்கும் ‘ஷல்’ என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். இன்று பேச்சில் ‘ஐ வில்’ என்பதே வழக்கம். ‘போகலாமா?’ என்று கேட்க ‘ஷல் வீ கோ?’ இன்னும் இருக்கிறது. சட்டத்தில் ‘ஷல்’ வந்தால் அது விதி. நம் அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே அந்தச் சொல்லைக் காணலாம்.

இன்னொன்று. ‘மழை பெய்தால் வரமாட்டேன்’ என்பதில் ‘பெய்தால்’ எதிர்கால வடிவம் அல்ல. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்’. ‘இஃப்’ பகுதியில் ‘வில்’ வேண்டாம்.

சரி, ‘வருவார்’ என்று மனதில் வந்ததும் ‘வில்’ போடுவதா, வேண்டாமா? வடக்கே வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. அரைகுறை இந்தி தெரிந்தாலும் போதும். வாக்கியத்தை மனதுக்குள் இந்தியில் சொல்லிப் பாருங்கள்.

‘ஆயேகா, ஆயேங்கே’ என்று கா, கே, கீ-யில் முடிந்தால் ‘வில்’ போடுங்கள்: ஹீ வில் கம் டுமாரோ.

‘ஆத்தா ஹை, ஆத்தே ஹைன்’ என்று முடிந்தால் ‘வில்’ கூடாது: ஹீ கம்ஸ் அட் சிக்ஸ் எவ்ரி டே.

‘நஹாத்தே தே’ என்று முடிந்தால் அது பழைய வழக்கம்: வீ யூஸ்டு டு பேத் இன் த ரிவர்.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் இது இன்னும் முக்கியம். ‘அங்கே கணக்கு வழக்கெல்லாம் நான்தான் பார்ப்பேன்’ என்று எண்ணி ‘ஐ வில் டூ த அக்கவுண்ட்ஸ்’ என்றால், இருக்கிற அனுபவம் இல்லாததாகிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படி எழுதினால் திட்டாதீர்கள். வீட்டில் நல்ல தமிழ் பேசுவதால் வருகிற பிழை அது. காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். அம்மா தினமும் செய்வது மூன்று, நாளை மட்டும் செய்யப்போவது மூன்று என ஆறு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கூடவே உட்கார்ந்து நீங்களும் எழுதுங்கள்.