லேகியம் இல்லாத வைத்தியம்: பாலியல் சிகிச்சை அறையில் என்னதான் நடக்கும்?

போன ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் நல்ல கூட்டம். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்திருந்த சித்தப்பா பையனைப் பார்த்து, தெரிந்த மாமி ஒருவர், "என்னப்பா, மூணு வருஷம் ஆச்சே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் சிரித்து வைத்தான். ராத்திரி மொட்டை மாடியில்தான் வாயைத் திறந்தான். "விசேஷம் எப்படிண்ணா வரும்? நாங்க இன்னும் ஒண்ணு சேரவே இல்லை."

(அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டு பேரும் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்திருந்தார்கள். அவர் 'செக்ஸ் தெரபி'க்கு வரச் சொல்லியிருக்கிறார். பயலுக்கு ஒரே பயம். "உள்ள போனா என்ன பண்ணச் சொல்லுவாங்கண்ணா?" நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் கேள்வி நியாயமானது. அன்றிலிருந்து படித்ததன் குறிப்புகள் இவை.

முதலில், எது சிகிச்சை இல்லை என்று பார்த்துவிடலாம். 'இன்ன தேதி திருச்சி, இன்ன தேதி மதுரை' என்று லாட்ஜில் முகாம் போடும் பரம்பரை வைத்தியர் விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருப்போம். தாம்பத்திய சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. விளம்பரம் மட்டும் நிற்கவில்லை. அதன் முதலீடே பயம்தான். விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விடும் என்று நம்பி, அதனாலேயே சோர்ந்து நோயாளியாகிறவர்களைப் பற்றி மனநல மருத்துவர் விக் 1960-ல் எழுதினார். 'தாத் சிண்ட்ரோம்' என்ற பெயர் அவர் வைத்தது. விந்து போவதால் சத்து எதுவும் போவதில்லை. என் தம்பியும் லேகியத்துக்கு அழுதவன்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சு முற்றிலும் புதிது என்றும் சொல்ல முடியாது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் 'புதிரா புனிதமா' என்று நிகழ்ச்சியே நடத்தினார்கள். எங்கள் வீட்டில் அது வந்தால் ரிமோட் அப்பா கைக்குப் போய்விடும். இதில் ஒரு வேடிக்கை. மாத்ருபூதம் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயர். தாயாக வந்து பிரசவம் பார்த்த சாமியைக் கொண்டாடுகிற ஊரில், பிரசவத்துக்கு முந்தின விஷயத்தைப் பேச மட்டும் வாய் வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பாலியல் சிகிச்சை என்பது அடிப்படையில் பேச்சும் வீட்டுப்பாடமும்தான். சிகிச்சையாளர் முன்னால் எதையும் 'செய்து காட்ட' வேண்டியதில்லை. அவர் உங்களைப் பாலியல் ரீதியாகத் தொடவும் மாட்டார். உடல் பரிசோதனை தேவைப்பட்டால் அதை டாக்டர் தனியாக, சம்மதம் கேட்டுத்தான் செய்வார்.

முதல் ஓரிரு சந்திப்புகள் முழுக்கக் கேள்விகள். எப்போது ஆரம்பித்தது, எப்போதுமா சில சமயமா, வலி உண்டா, தூக்கம், குடி, சிகரெட், வீட்டில் தனி அறை இருக்கிறதா என்பது வரை. இருவரையும் சேர்த்தும் பேசுவார்கள், தனித்தனியாகவும் பேசுவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஹார்மோன் சோதனைகள் எழுதித் தரலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் பிரச்னை வரும் (அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). ஆணுக்கு விறைப்புக் குறைவது சில சமயம் இதய ரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். காலையில் விறைப்பு சரியாக இருக்கிறது, மனைவியிடம் மட்டும் இல்லை என்றால், காரணம் பெரும்பாலும் மனசில்.

அடுத்தது வீட்டுப்பாடம். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து வருவது இது. சென்சேட் ஃபோகஸ் என்று பெயர். முதல் விதியே விசித்திரமானது: கொஞ்ச நாளைக்கு உடலுறவு கூடாது! முதலில் மார்பு, பிறப்புறுப்பு தவிர மற்ற இடங்களை மாறி மாறித் தொட வேண்டும், அந்தத் தொடுதலை மட்டும் கவனிக்க வேண்டும். சில வாரங்களில் படிப்படியாக அடுத்த கட்டம்.

ஏன் இப்படி? ஒருமுறை தோற்றவன் அடுத்த முறை தன்னையே வேவு பார்க்கிறான். 'இன்னிக்காவது நடக்குமா?' அந்தப் பதற்றமே மறுபடி தோற்க வைக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் முடிவில்லாத லூப். 'நடக்கவே கூடாது' என்று தடை போட்டதும், தோற்பதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. லூப் அங்கே உடைகிறது.

என் தம்பி விஷயத்தில் லூப் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடியிருக்கிறது. அவன் மனைவிக்கு வெஜினிஸ்மஸ். உறுப்பின் தசைகள் அவள் விருப்பத்தைக் கேட்காமல் தானாகவே இறுகிக்கொள்ளும். அவள் வலியில் ஒதுங்க, 'என்னைப் பிடிக்கலையோ' என்று அவன் சுருங்க, அவனுக்கும் பிரச்னை தொற்றிக்கொண்டது. இதற்கும் மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி, சின்னதிலிருந்து பெரிய அளவு வரை டைலேட்டர் என்று படிப்படியான வழி இருக்கிறது. வேகத்தை முடிவு செய்வது அவள்தான். சீக்கிரம் முடிந்துவிடுகிற பிரச்னைக்கு, 1956-ல் செமன்ஸ் என்ற டாக்டர் சொன்ன நிறுத்தித் தொடரும் பயிற்சி இன்றும் பயன்படுகிறது.

எத்தனை நாள்? பொதுவாக வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு, சில மாதங்கள் ஆகும். மாத்திரை மாதிரி உடனே வேலை செய்யாது. எல்லோருக்கும் முழுப் பலன் என்று உத்தரவாதமும் கிடையாது. அப்படி உத்தரவாதம் தருகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

யாரிடம் போவது? 'செக்ஸாலஜிஸ்ட்' என்ற போர்டை நம்பாதீர்கள், பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு. மனநலச் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பது 2017 மனநலச் சட்டப்படி உங்கள் உரிமை. வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். திருச்சியிலும் இருக்கிறது.

தம்பியும் மனைவியும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. போன வாரம் அவனே சொன்னான்: "ராத்திரி ஆனா வயித்தைக் கலக்கும்ணா. இப்ப அது இல்லை." எனக்கு அது போதும். அடுத்த ஆடிப்பெருக்குக்கு அந்த மாமி எதிரே வந்தால், பேச்சைக் காவிரித் தண்ணி பக்கம் திருப்பிவிடுவது என் பொறுப்பு.