பவழத் தொட்டியில் ஒட்டிவரும் தீங்குயிரிகளை அகற்றுதல்

கடல்நீர் நிரப்பிப் பவழங்களை வளர்க்கும் கண்ணாடித் தொட்டி பவழத் தொட்டி எனப்படுகிறது. பாறை, பவழத் துண்டு, நத்தை ஓடு, கடற்பாசி ஆகியவற்றோடு வளர்ப்பவர் அறியாமலேயே தொட்டிக்குள் வந்து சேரும் உயிர்கள் ஒட்டிவரும் உயிரிகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை; பல நன்மை செய்பவை. பவழத்தைக் கொட்டியோ தின்றோ மூடியோ அழிக்கும் சில வகைகளே தீங்குயிரிகள். தவறான முறையில் அகற்ற முயன்றால் இவற்றுள் சில முன்னைவிடப் பெருகும். வேறு சில, வளர்ப்பவரின் உடல்நலத்துக்கே கேடு விளைவிக்கும்.

வரும் வழி

கடலில் வெகுகாலம் கிடந்து, நுண்ணுயிர்களும் சிறு விலங்குகளும் குடியேறிய நுண்துளைப் பாறை உயிர்ப்பாறை எனப்படும். இதில் வாழும் பாக்டீரியா, மீன்கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. தொட்டிக்கு உயிர்ப்பாறை தேவைப்படுவது இதனால்தான். ஆனால் அதே துளைகளில் புழு, நண்டு, இறால், கடற்சாமந்தி, பாசி வித்து ஆகியவையும் ஒளிந்து வருகின்றன. கடையில் வாங்கும் பவழத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும் சிறு கட்டையின் அடிப்புறமும் இவை தங்கும் இடமாகும்.

கடலில் இவற்றை உண்ணும் உயிர்கள் பல உள்ளன. தொட்டியில் அவை இல்லை. உணவோ தடையின்றிக் கிடைக்கிறது. எனவே ஒன்றிரண்டாக வந்தவை சில மாதங்களில் பாறை முழுவதும் பரவிவிடுகின்றன.

இனங்காணல்

எந்த உயிரையும் அகற்றும் முன் அது இன்னதென்று அறிவது முதல் வேலை. விளக்கு அணைந்து ஓரிரு மணி நேரம் கழித்து, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கால் பார்த்தால் பகலில் மறைந்திருப்பவை தெரியும். பல கடலுயிர்கள் சிவப்பு ஒளியைச் சரியாக உணர்வதில்லை.

துடுப்புக்காலிகள், சிறு நொறுங்கு நட்சத்திர மீன்கள், கடற்பஞ்சுகள், பாறையில் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசி ஆகியவை நன்மை தருபவை. துடுப்புக்காலிகள் மீன்களுக்கு உணவாகின்றன. நொறுங்கு நட்சத்திர மீன்கள் மிச்ச உணவைத் தின்று தீர்க்கின்றன. இவற்றைத் தீங்குயிரி என எண்ணி மருந்து ஊற்றினால், ஒரே நேரத்தில் இறக்கும் உடல்கள் அழுகி அமோனியா உயரும்; மீனும் பவழமும் சேர்ந்து மடியும். செம்பு கலந்த மீன் மருந்துகளைப் பவழத் தொட்டியில் ஒருபோதும் இடக்கூடாது. செம்பு முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். பாறையில் படிந்து பிற்பாடு மெல்ல வெளிவரவும் செய்யும்.

முக்கியத் தீங்குயிரிகள்

ஐப்டேசியா: பழுப்பு நிறமும் கண்ணாடி போன்ற மெல்லிய உணர்கொம்புகளும் கொண்ட சிறு கடற்சாமந்தி. பவழங்களைப் போலவே இதன் உடலிலும் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் வாழ்வதால், பவழ ஆய்வுக்கூடங்களில் மாதிரி உயிரியாக வளர்க்கப்படுகிறது. தொட்டியில் இது அருகிலுள்ள பவழத்தைக் கொட்டிக் கொல்லும். இதைச் சுரண்டி எடுப்பதே புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. பாறையில் ஒட்டியிருக்கும் அடிப்பாகத்தின் ஒரு சிறு துணுக்கு மிஞ்சினாலும் அது முழு உயிராக வளர்ந்துவிடும்.

நீற்றின சுண்ணாம்பைக் கூழாகக் கரைத்து, ஊசிக்குழல் வழியே இதன் வாய்ப்பகுதியில் மெதுவாகச் செலுத்துவது பரவலான முறை. அப்போது நீரோட்ட விசைக்குழாயைச் சில நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடையே பயன்படுத்த வேண்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பிலும் வெற்றிலைச் சுண்ணாம்பிலும் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துவதால் ஒரு நாளில் சிலவற்றுக்கு மட்டுமே இட்டு, மற்றவற்றை அடுத்தடுத்த நாள்களுக்கு விட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் தேவை.

எண்ணிக்கை மிகுந்துவிட்டால் ஊசியால் தீராது. லிஸ்மாட்டா வுர்டமன்னி என்ற இறாலும் பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தையும் ஐப்டேசியாவை உண்பவை. இந்த இறாலைப் போலவே தோன்றும் ஒட்டக இறால் பவழத்தைக் கொத்தும் என்பதால் வாங்கும்போது கவனம் வேண்டும். பெர்கியா ஐப்டேசியாவை மட்டுமே தின்னும். உணவு தீர்ந்ததும் பட்டினியால் இறக்கும். எனவே வேலை முடிந்தபின் அதை மற்றொரு தொட்டிக்கு மாற்றிக் கொடுப்பது வழக்கம்.

சுணைப்புழுக்கள்: பக்கவாட்டில் வெண்ணிறச் சுணைமுட்கள் கொண்டவை. பார்க்க அச்சமூட்டினாலும் பெரும்பாலானவை அழுகலைத் தின்னும் துப்புரவாளர்களே. இவை பெருகுவது தொட்டியில் உணவு மிகுதியாக இடப்படுகிறது என்பதற்கான அறிகுறி. உணவைக் குறைத்தாலே எண்ணிக்கை இறங்கும். வெறுங்கையால் தொட்டால் முட்கள் தோலில் தைத்து எரியும். தைத்த முட்களை ஒட்டுநாடாவால் ஒத்தி எடுக்கலாம். மிகுந்தவற்றைப் பிடிக்க, இறால் துண்டு வைத்த சிறு துளைக் குழாயை இரவில் பாறையடியில் இட்டு விடியுமுன் எடுப்பார்கள்.

இவற்றுக்கு உறவான யூனிசி இனத்துப் புழுக்கள் சில மிகப் பெரிதாக வளர்ந்து மீன்களையும் வேட்டையாடும். இங்கிலாந்தின் நியூகே நகரிலுள்ள புளூ ரீஃப் காட்சியகத்தில் பவழங்கள் துண்டிக்கப்படுவதன் காரணம் நெடுநாள் தெரியவில்லை. 2009இல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளமுள்ள புழு ஒன்று அகப்பட்டது.

மான்டிஸ் இறால்: முன்கால்களால் இரையைத் தாக்கும் ஓட்டுடலி. இரவில் ‘டக் டக்’ என்ற ஒலி கேட்பதும் உடைந்த நத்தை ஓடுகள் கிடப்பதும் இது இருப்பதன் அடையாளங்கள். மயில்வண்ண மான்டிஸ் இறாலின் தாக்கு வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை அளக்கப்பட்டுள்ளது. கையால் பிடிப்பது ஆபத்து. இது ஒளிந்துள்ள பாறையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, வாளியின் மேல் பிடித்து, பொந்துக்குள் வெறும் சோடாநீரைச் செலுத்தினால் கார்பன் டை ஆக்சைடு தாங்காமல் வெளியேறும். சர்க்கரையோ வாசனையோ சேர்ந்த சோடா உதவாது.

தட்டைப்புழுக்கள்: செந்நிறத் தட்டைப்புழுக்கள் கூட்டமாக இறக்கும்போது நீரில் நச்சு கலக்கும். எனவே மருந்திடும் முன் இயன்றவரை குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். மருந்துக்குப் பின் நீரை மாற்றிச் செயலூட்டிய கரி இட வேண்டும்.

குமிழ்ப்பாசி: பச்சைக் கண்ணாடிக் கோலி போன்றது. குமிழை உடைக்காமல் அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும். இயன்றால் பாறையை வெளியே எடுத்துச் செய்வது நல்லது.

பாறையை வேகவைப்பதன் ஆபத்து

தீங்குயிரிகளை ஒழிக்கப் பாறையை வெந்நீரில் கொதிக்கவைப்பது சிலர் செய்யும் விபரீதம். பாலித்தோவா, சோயாந்தஸ் ஆகிய பொத்தான் போன்ற உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உள்ளது. ஹவாய் தீவுகளில் கிடைத்த உயிரிலிருந்து 1971இல் இது பிரித்தெடுக்கப்பட்டது. கொதிநீர் ஆவியோடும், உலர்ந்த பாறையைத் தேய்க்கும்போது எழும் துகளோடும் இந்நஞ்சு மூச்சில் கலந்தால் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் உண்டாகும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷையர் பகுதியில் தொட்டியைச் சுத்தம் செய்த வீடொன்றில் குடும்பம் முழுவதும் நோயுற்றது. உதவிக்கு வந்தவர்களும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. ஆகவே பாறையைச் சமையலறையில் வேகவைக்கவோ அழுத்த நீரால் பீய்ச்சவோ கூடாது. கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது இவ்வுயிர்களைத் தொடவும் கூடாது. சுத்தம் செய்தபின் மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினால், தொட்டியைப் பற்றி மருத்துவரிடம் சொல்வது சிகிச்சைக்கு உதவும்.

வருமுன் தடுத்தல்

அகற்றுவதைவிடத் தடுப்பது எளிது, செலவும் குறைவு. புதிய பவழத் துண்டு ஒவ்வொன்றையும் அது ஒட்டியுள்ள கட்டையிலிருந்து பெயர்த்து, அயோடின் கரைசல் போன்ற முக்குநீரில் சீசாவில் குறித்த அளவும் நேரமும் தவறாமல் முக்கி, வேறு கடல்நீரில் அலசி எடுக்க வேண்டும். முக்குநீர் வளர்ந்த புழுவைக் கொல்லுமே தவிர முட்டையை அழிக்காது. அதனால் துண்டுகளைத் தனிமைத் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்து, குஞ்சு பொரிப்பதைக் கவனித்து மீண்டும் முக்க வேண்டும். உயிர்ப்பாறைக்கு மாற்றாக உலர்பாறையில் பாக்டீரியாவை வளர்த்துத் தொடங்கும் தொட்டியில், பாறை வழியாகத் தீங்குயிரி வருவதில்லை.

சென்னைத் தென்புறநகரின் நிலைமை

பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர் போன்ற பகுதிகளிலிருந்து கோவளம் கடற்கரை சாலை வழியே 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கரையோரக் கடல்நீரைக் கேனில் கொண்டுவந்தால் அதனுடன் நுண்ணிய இளவுயிரிகளும் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் கலப்பால் உப்பளவும் குறையும். எனவே உப்புக்கலவையைத் தூயநீரில் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 அளவில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

வீடுகளில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் அவை பாசிக்கு உரமாகும். குடிநீருக்கான ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்கள் மீண்டும் சேர்க்கப்படுகின்றன. அந்நீர் தொட்டிக்கு ஏற்றதன்று. அயனி நீக்கும் பகுதி சேர்ந்த கருவியின் நீரில் டி.டி.எஸ். அளவு சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஊர் என்பதால், மருந்திடுதலை வெப்பம் குறைந்த நாள்களுக்குத் தள்ளுவது நல்லது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

சட்டம்

மலிவாகக் கிடைக்கும் என்று மன்னார் வளைகுடாப் பாறையையும் பவழத்தையும் எடுப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை அமைக்கும் கடினப் பவழங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதாயினும் இறந்ததாயினும் இவற்றை எடுப்பதற்கும் விற்பதற்கும் தடை உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது.

கடலில் இதே சிக்கல்

தொட்டிக்குள் நிகழ்வது தமிழகக் கடலிலும் நிகழ்ந்துள்ளது. கராஜீனன் என்ற கூழ்மப்பொருளுக்காக அயலிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பாபைகஸ் என்ற கடற்பாசி, 2000களில் பாக் விரிகுடாக் கரையில் வணிக நோக்கில் வளர்க்கப்பட்டு, கடலோரப் பெண்கள் பலருக்கு வருவாய் தந்தது. அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவழங்களின் மேல் போர்வை போலப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். பாசியைக் கையால் பெயர்த்து அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டபோதும், ஐப்டேசியாவைப் போலவே, மிஞ்சிய துண்டுகளிலிருந்து அது மீண்டும் வளர்ந்தது.

எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் தென்னமெரிக்க மட்டி, சேற்றுத்தரையைக் கம்பளம்போல் மூடி இறால் பிடிப்பைக் கெடுத்துள்ளது. கப்பல்களோடு இது வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியும். கழிமுகத்தை அவ்வாறு செய்ய முடியாது.

கழிவை அப்புறப்படுத்தல்

இதனால் தொட்டியிலிருந்து எடுத்த பாறை, பாசி, புழு எதையும் கோவளம் கடலிலோ முட்டுக்காடு உப்பங்கழியிலோ விடக்கூடாது. உப்புநீரை ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றுவதும் தவறு. முடிச்சூர், தாம்பரம் பக்கத்து வடிகால்கள் அடையாற்றை நோக்கியே செல்கின்றன. அகற்றிய உயிர்களை உறைபெட்டியில் வைத்து உறையச்செய்து, உறையிலிட்டுக் குப்பையில் சேர்க்கலாம். பழைய நீரில் வெளுப்புத்தூள் கலந்து ஒரு நாள் வைத்தபின் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடலாம். வலைக்கரண்டி, வாளி, குழாய் ஆகியவற்றை நன்னீரில் கழுவி வெயிலில் முழுதும் உலர்த்திய பிறகே மற்றொரு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டும்.