தறிக்குழியைச் சுற்றி ஒரு வீடு

ஆரணியில் பார்க்கவேண்டிய பழைய கட்டடம் எது என்று கேட்டால் பூசிமலைக்குப்பத்துக்கு வழி சொல்வார்கள். ஜாகீர்தார் கட்டிய கண்ணாடி மாளிகை அங்கே பாழடைந்து கிடக்கிறது. கொஞ்சம் வரலாறு தெரிந்தவர் கோட்டைப் பக்கம் அழைத்துப் போய், 1751 டிசம்பரில் சந்தா சாகிப்பின் மகன் படையை ராபர்ட் கிளைவ் இந்த ஊரில் முறியடித்த கதையைச் சொல்லக்கூடும். போகிற வழியில் இருக்கும் நெசவுத் தெரு வீடுகளை யாரும் கைகாட்ட மாட்டார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பட்டு பிறக்கிற வீட்டுக்குத்தான் ஒரு பேரும் இல்லை.

அந்த வீட்டின் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் எஜமான் தறிதான். வெளிச்சம் நன்றாக விழும் இடம் தறிக்கு; மிச்சம் இருப்பதில் சமையல், படுக்கை, சாமி படம். ஓட்டுக் கூரையில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தால் அதற்கு நேர் கீழே தறி இருக்கும். அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் பல்பு வெளிச்சத்தில் ஏமாற்றிவிடும். தரையில் இடுப்பளவுக்குக் குழி. நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிக்கிறார். நீளவாட்டில் கட்டிய இழையான பாவு தரையை ஒட்டி ஓடுவதால் மண்ணின் ஈரம் பட்டு இழைக்குக் கிடைக்கிறது. காய்ந்த காற்றில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததைப் பிணைப்பதிலேயே பொழுது போய்விடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதே குழியில் தண்ணீர் ஊறும். அப்புறம் குழி காயும்வரை கூலி இல்லை.

தறிக்குப் பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரவும் இடம் விட்டிருப்பார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய, ஊடிழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடவேண்டும். கரைப் பக்க நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொரு கை தேவை. பெரும்பாலும் அது மனைவியின் கை. நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றுவதும் அவர்தான், உலை வைப்பதும் அவர்தான். சேலையை விற்கும்போது மட்டும் ‘அவர் நெய்தது’ என்போம்.

இந்தப் பட்டறை வாசலோடு முடிவதில்லை. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி தோய்த்து, இழை பிரித்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரத் தறி ஊர்களுக்கும் தெரு என்பது தொழிற்கூடத்தின் ஒரு பாகம். அது வெறும் பாதை என்று ஆனது பைக்கும் லோடு ஆட்டோவும் வந்த பிறகுதான்.

தறிக்கென்று வீடு கட்டியது ஆரணி மட்டும் இல்லை. லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பகுதி. 1685-க்குப் பிறகு பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹ்யூகனாட்டுகள் அங்கே பட்டுத் தொழிலை வளர்த்தார்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று மேல்தளத்தில் அகலமான ஜன்னல்கள் வைத்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். 1860-ல் பிரெஞ்சுப் பட்டுக்கான இறக்குமதி வரி நீங்கியதும், ஏற்கெனவே நொடிந்திருந்த தொழில் எழுந்திருக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, மலிவு வாடகைக்கும் அந்த ஜன்னல் வெளிச்சத்துக்கும் ஆசைப்பட்டு ஓவியர்கள் குடியேறினார்கள். கில்பர்ட் - ஜார்ஜ் என்ற கலைஞர் இணை 1960-களின் இறுதியில் அங்குள்ள ஃபூர்னியே தெருவுக்கு வந்தது. 1977-ல் அக்கறையுள்ள சிலர், அதே பகுதியில் இடிக்கவிருந்த எல்டர் தெரு வீடுகளுக்குள் புகுந்து உட்கார்ந்து இடிப்பைத் தடுத்தார்கள். வீடுகள் பிழைத்தன. இன்று அவற்றின் விலையைக் கேட்டால் ஓவியர்களே ஓடிவிடுவார்கள்.

அங்கே தறி போய் நூறாண்டுக்குப் பிறகு வீட்டின் அருமை தெரிந்தது. ஆரணியில் தறி இன்னும் ஓடுகிறது, வீடுதான் அதன் காலடியிலிருந்து நழுவுகிறது. ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டால் வெக்கை இறங்குகிறது, ஈரம் போகிறது. டைல்ஸ் பதித்த கூடத்தில் குழி தோண்ட வீட்டுக்காரிக்கே மனம் வராது. அவரைக் குறைசொல்ல முடியுமா? காலமெல்லாம் ஒழுகும் ஓட்டின் கீழ் பாத்திரம் வைத்தவர் அவர். நிலைமை இன்னும் மோசமாக இருப்பது வாடகை வீட்டில். குழி என்றதுமே உரிமையாளர் சாவியைத் தரமாட்டார். தரைக்கு மேல் நிற்கும் சட்டத் தறி ஒரு வழிதான்; மழைக்குத் தண்ணீர் ஊறாது, முட்டிவலிக்காரருக்கும் ஏறி உட்கார வசதி. அதற்கு உயரமான கூரை வேண்டும். மேலே பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டியும் அட்டையும் தொங்குகின்றனவே.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 ஆனது. வீட்டோடு தறிக்கூடம் கட்டித்தரும் திட்டங்களும் வந்து போயிருக்கின்றன. ஆனால் வரைபடம் போடும் பொறியாளர் படுக்கையறை, சமையலறை, கழிப்பறை என்று எண்ணிவிட்டு, மீந்த மூலையில் தறியை நிறுத்துகிறார். நெய்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாவின் நீளத்தையும் காலை வெளிச்சம் வரும் திசையையும் கேட்டுக்கொண்டு முதல் கோட்டைப் போட்டால் கான்கிரீட் வீட்டிலும் தறி பிழைக்கும். காற்றோட்டத்துக்கு உயர்த்திய கூரை, தண்ணீர் புகாதபடி சிமென்ட் பூசிய குழி, நெசவு இல்லாத நாளில் மூடி வைக்க ஒரு பலகை: இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது.