பழைய மரத்தை மீட்கும் கலை

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் ஒரு பழைய போர்க்கப்பல் இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலையின் ஆங்கில வடிவம் அது. 1817-ஆம் ஆண்டில் பம்பாயில் வாடியா குடும்பத்தார் அதைத் தேக்கு மரத்தால் கட்டினர். 1990-இல் தொடங்கிய அதன் சீரமைப்பு 2001 வரை நீடித்தது. கெட்டுப்போன மரத்தை நீக்கி, நல்ல தேக்கை இயன்றவரை அப்படியே விட்டுவைத்ததே அப்பணியின் சிறப்பு.

கப்பலுக்குப் பொருந்தும் இவ்விதி, நம் இல்லத்து ஊஞ்சற்பலகைக்கும் பாட்டி தந்த பெட்டகத்துக்கும் பொருந்தும். மீட்பது என்பது புதிதாக்குவது அன்று. எதை மாற்றக் கூடாது என்று முதலில் அறிவதே மீட்பு.

மரம் ஏன் கெடுகிறது?

கடலில்லாத பெங்களூரில்தான் கடல்நீரில் மரம் படும் பாட்டை ஆராயும் நிறுவனம் ஒன்று உள்ளது. மல்லேஸ்வரத்தில் இயங்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், 1938-இல் மைசூர் சமஸ்தானத்தின் வன ஆய்வுக்கூடமாகத் தோன்றி, 1988-இல் தனி நிறுவனமாக உயர்ந்தது. கடலில் மரத்தைத் துளைக்கும் உயிரிகளை ஆராய்வதற்கென விசாகப்பட்டினத்தில் அதற்கு ஒரு மையமும் இருந்தது.

அவ்வுயிரிகளுள் முதன்மையானது கப்பற்புழு. பெயர் புழுவாயினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குண்டூசித் தலையளவு துளையிட்டு நுழைந்து, உள்ளே வளர வளர மரத்தைக் குடைந்துகொண்டே செல்லும். வெளியே உறுதியாகத் தோன்றும் பலகை உள்ளே கூடாக இருப்பது இதனால்தான்.

நிலத்தில் உள்ள மரத்துக்குப் பகை கரையானும் பூஞ்சையும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை, அதை மட்கச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. ஆகவே, நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு தடுக்காமல் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் நிலைக்காது. இரும்பு ஆணியும் ஒரு பகையே. உப்புநீரில் அது துருப்பிடித்து, தன்னைச் சூழ்ந்த மரத்தையும் அரிக்கும். சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஊர் மாறினால் மரமும் மாறும்

காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் பருக்கும், சுருங்கும். கடற்கரை ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்த அலமாரியின் இணைப்புகள் தளர்வதும், பலகையில் வெடிப்புத் தோன்றுவதும் பெரும்பாலும் இதனாலேயே. வந்தவுடன் வெடிப்பில் மக்கு நிரப்பாமல், மரம் புதிய ஊரின் காற்றுக்குப் பழகும்வரை சில மாதங்கள் பொறுப்பது நலம்.

உலர்ந்த படகுக்கும் இதுவே முறை. நீரில் ஊறியதும் பலகைகள் பருத்து இடைவெளிகள் தாமே நெருங்கும். அதன் இடுக்குகளில் பஞ்சு அல்லது நாரும் பிசினும் திணிக்கும் வேலையைக் கலப்பற்று என்பர். இறுகிப்போகும் பூச்சை அங்கு நிரப்பினால், பருக்கும் பலகைக்கு இடமின்றிப் படகே பிளக்கக்கூடும்.

பட்டறையில் ஒப்படைக்குமுன்

வேலை தொடங்குமுன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தச்சர் மரத்தைத் தட்டி ஓசை கேட்கிறாரா, கூரிய ஊசியால் குத்தி உறுதி பார்க்கிறாரா என்று கவனியுங்கள். மட்கிய பகுதியை மட்டும் வெட்டி, அதே இன மரத்தை, அதே இழையோட்டத்தில், சரிவான இணைப்பால் பொருத்துவதே நல்ல வேலை. வெளிறு நீக்கிய, வைரம் பாய்ந்த மரமாக அது இருக்கட்டும். பழைய மெருகு முழுவதையும் இழைத்து நீக்க வேண்டாம். ஒருமுறை நீக்கியதைத் திரும்பப் பெற இயலாது. எந்தப் பகுதி மாறும், எது மாறாது, கூலி எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெறுங்கள்.

படகு மரத்துக்குச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த காப்புக் கரைசலை ஏற்றும் வழக்கம் உண்டு. அத்தகைய பழம்பலகையை வீட்டில் இழைப்பதோ எரிப்பதோ தீங்கானது.

கைவினைஞர் கையில் முதல்

இவ்வேலைக்கு வேண்டிய பொறுமையும் கருவியும் முதலின்றி அமையா. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தச்சரும் படகு கட்டுநரும் இடம்பெற்றுள்ளனர். தகுதியுடையோர் பிணையின்றி முதலில் 1 லட்சம் ரூபாயும், அதை ஒழுங்காகச் செலுத்தியபின் 2 லட்சம் ரூபாயும் 5 விழுக்காடு வட்டியில் பெறலாம். திருப்பிச் செலுத்தும் காலம் முறையே 18, 30 மாதங்கள். கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் உண்டு. பதிவு பொதுச் சேவை மையங்களில் நடைபெறுகிறது. மாநிலத்துக்கேற்ப நடைமுறை வேறுபடக்கூடுமாதலால், அருகிலுள்ள கிளையில் விவரம் கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.

உங்கள் இல்லத்து மரப்பொருளைச் சீர்செய்யும் தச்சருக்கு இத்திட்டம் தெரியாதிருக்கலாம். அடுத்த முறை அவர் வரும்போது நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் பட்டறை நிலைத்தால்தான், நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அப்பெட்டகத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த கை ஒன்று இருக்கும்.