படுக்கையோடு முடிவதன்று வாழ்வு

தென்னை, பனை ஏறுவோர் தவறி விழுவதும், கிணற்று மேட்டிலிருந்து சறுக்கி விழுவதும் நம் ஊர்களுக்குப் புதியன அல்ல. கையெலும்பு முறிந்தால் நாளடைவில் கூடிவிடும். முதுகெலும்பினுள் செல்லும் தண்டுவடம் சிதைந்தாலோ, அவ்விடத்திற்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் அற்றுப்போகின்றன. பகுதியே பழுதுற்றவர்களில் சிலர் ஓரளவு மீள்வதுண்டு. முற்றும் அற்ற தண்டுவடத்தை, அறுந்த இழையை முடிவதுபோல் இணைக்கும் வழி வைத்தியத்திற்கு இன்னும் கைகூடவில்லை. ஆயினும் அடிபட்டவர் நெடுநாள் வாழவும் உழைக்கவும் வழியுண்டு. அவ்வழி பெரும்பாலும் உடனிருப்போர் கையில் இருக்கிறது.

விழுந்தவரை உட்காரவைப்பதும், தோளில் சுமந்து ஓடுவதும் பெருந்தீங்கு. அசையாது கிடத்தி, 108 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அகற்றியே தீரவேண்டிய ஆபத்து இருப்பின், பலர் கூடித் தலை, கழுத்து, முதுகு ஆகியவை ஒரே நேராக இருக்கும்படி பலகையில் ஏற்ற வேண்டும்.

வீடு திரும்பிய பின் கொடிய பகைவர் இருவர்: படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுள் பெரும்பாலோரை மாய்த்தவை இவையே. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர், நோயாளிகளை இரண்டு மணிக்கு ஒருமுறை இரவும் பகலும் புரட்டிக் கிடத்தச் செய்து இந்நிலையை மாற்றினார். இன்றும் இதுவே அடிப்படை. புட்டம், இடுப்பு, குதிகால் ஆகியவற்றில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் நோக்க வேண்டும். விரிப்பின் மடிப்பும் புண்ணாக்கும். சூடான பாத்திரம் பட்டாலும் அவருக்குத் தெரியாது. வைத்தியர் கற்பித்தபடி, சுத்தமான குழாயால் வேளை தவறாது சிறுநீரை வெளியேற்ற வேண்டும்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குழித்தறியின் மிதியைக் கால் மிதிக்க இயலாதெனினும், தார் சுற்றவும் கணக்கு எழுதவும் கை போதும். அத்தகைய அங்கத்தினருக்கு அவ்வேலையைச் சங்கம் ஒதுக்கித் தரலாம். சங்க வாயிற்படியருகே சாய்தளம் அமைக்கலாம். இரவெல்லாம் கண்விழித்துப் புரட்டும் மனைவியையோ தாயையோ அண்டைவீட்டார் முறைவைத்து ஓய்வெடுக்கச் செய்யலாம். ஒருவர் தாங்கவொண்ணாத சுமையைப் பலர் பகிர்ந்து சுமப்பதற்கன்றோ நாம் சங்கம் கண்டோம்?