பழந்தானுந்துகளில் புகைக்குழல் வெப்பக் கட்டுப்பாடு

பழந்தானுந்துகளில் புகைக்குழல் வெப்பக் கட்டுப்பாடு என்பது, பொறியிலிருந்து எரிவளிமங்களை வெளியே கொண்டுசெல்லும் குழல்தொகுதியின் வெப்பம் கார்புரேட்டர், எரிபொருள் குழாய், மின்கம்பி முதலிய அண்மை உறுப்புகளைத் தாக்காவண்ணம் தடுக்கும் முறைகளைக் குறிக்கும். வார்ப்பிரும்பால் ஒரே துண்டாக வார்க்கப்பட்ட குழல்தொகுதி மேனிஃபோல்டு எனவும், எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் செய்யப்படுவது ஹெடர் எனவும் வழங்கப்படுகின்றன. ஹெடரில் எரிவளிமம் தடை குறைந்து வெளியேறுவதால் பொறியின் திறன் சற்றுக் கூடலாம். ஆனால் மெல்லிய சுவரும் கூடிய மேற்பரப்பும் கொண்ட அக்குழாய்கள் விரைவில் சூடேறிப் பொறியறைக்குள் மிகுந்த வெப்பத்தை வெளியிடுகின்றன.

எம்ஜிபி: ஓர் எடுத்துக்காட்டு

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை உருவாக்கப்பட்ட எம்ஜிபி தானுந்தில் இச்சிக்கலைத் தெளிவாகக் காணலாம். அதன் 1798 கன செ.மீ. பி-வரிசைப் பொறியில் உள்ளிழு வாயில்கள் இரண்டும் வெளியேற்று வாயில்கள் மூன்றும் பொறியின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. நடு வெளியேற்று வாயிலை 2 ஆம், 3 ஆம் உருளைகள் பகிர்ந்துகொள்கின்றன. எனவே அவ்விடம் கூடுதலாகச் சூடேறுகின்றது. பெரும்பாலான எம்ஜிபிகளில் காணப்படும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் இக்குழல்தொகுதிக்கு மேலேயே பொருத்தப்பட்டுள்ளன. எரியும் அடுப்புக்கு மேல் பெட்ரோல் கலத்தை வைத்ததற்கு ஒப்பான அமைப்பு இது. (இதே வரிசையைச் சேர்ந்த 1489 கன செ.மீ. பொறி 1959 முதல் இந்தியாவின் அம்பாசடரில் பயன்படுத்தப்பட்டது. அதிலும் இருவகை வாயில்களும் ஒரே பக்கத்திலேயே உள்ளன.)

வெப்பம் பரவும் விதம்

சூடான குழாயிலிருந்து வெப்பம் காற்றோட்டத்தாலும் கதிர்வீச்சாலும் பரவுகின்றது. கதிர்வீச்சு, தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் கூடும். ஒரு கரும்பொருள் 300 °C இல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோவாட் ஆற்றலைக் கதிர்வீசும். 600 °C இல் இது 33 கிலோவாட் ஆகின்றது. அதாவது செல்சியசு அளவில் வெப்பநிலை இருமடங்கானால் கதிர்வீச்சு ஐந்து மடங்குக்கும் மேலாகின்றது. துருப்பிடித்த எஃகு கரும்பொருளுக்கு நெருக்கமாகவே செயற்படும். பளபளப்பான உலோகம் இதில் ஒரு சிறு பங்கையே வீசும்.

துருவேறா எஃகின் வெப்பங்கடத்துதிறன் சாதாரண எஃகினதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்பதால், துருவேறா எஃகு ஹெடர் வெப்பத்தை உள்ளேயே வைத்திருக்கும் என்று பலர் கருதுவதுண்டு. இது மிகைக்கூற்று ஆகும். குழாய்ச்சுவரின் தடிப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் செல்வதிலுள்ள தடையோடு ஒப்பிட்டால் சுவரின் தடை புறக்கணிக்கத்தக்கது. துருவேறா எஃகின் உண்மையான நன்மை அது துருப்பிடிக்காமையே.

நிறுத்திய பின் ஏறும் சூடு

ஓடும்போது முன்புறக் காற்றும், கார்புரேட்டர் வழியே தொடர்ந்து பாயும் குளிர்ந்த பெட்ரோலும் வெப்பத்தை அகற்றுகின்றன. பொறியை நிறுத்தியவுடன் இவ்விரண்டும் நின்றுவிடும். குழல்தொகுதியோ சூடாகவே இருக்கும். எனவே நிறுத்திய பின்னரே கார்புரேட்டரின் மிதவைக் கலம் மேலும் சூடேறுகின்றது. பெட்ரோலின் இலகுவான கூறுகள் 40 °C அளவிலேயே கொதிக்கத் தொடங்குவதால், கால் மணிநேரம் கழித்து இயக்கினால் பொறி கிளம்ப மறுக்கும் அல்லது தடுமாறும். எம்ஜிபியின் மின் எரிபொருள் எக்கி வண்டியின் பின்புறம் இருப்பதால், குற்றம் பெரும்பாலும் எக்கியில் அன்று, மிதவைக் கலத்திலேயே இருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இதை மோசமாக்கக்கூடும். சிறு அளவு எத்தனால் கலக்கும்போது பெட்ரோலின் ஆவியழுத்தம் உயர்கின்றது. ஐக்கிய இராச்சியத்தில் 10 விழுக்காடு வரை எத்தனால் கொண்ட பெட்ரோல் 2021 செப்டம்பரில் அறிமுகமானது.

கட்டுப்படுத்தும் முறைகள்

முதலில் பொறியின் சீரமைப்பைச் சரிபார்த்தல் வேண்டும். தீப்பொறி நேரம் பிந்தியிருந்தால் எரிதல் முடியுமுன்பே வெளியேற்று அடைப்பிதழ் திறந்து, வெப்பம் குழாய்க்குள் செல்கின்றது. பெட்ரோல் குறைந்த கலவையும் குழாயைச் சூடாக்கும். வெற்றுநிலை ஓட்டத்திலேயே ஹெடர் செந்நிறமாக ஒளிர்ந்தால், அதை மூடி மறைப்பது தீர்வாகாது.

அடுத்தது வெப்பத்தடுப்புத் தகடு. எம்ஜிபியில் கார்புரேட்டருக்கும் குழல்தொகுதிக்கும் இடையே இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. முன்னைய உரிமையாளர் கழற்றி எறிந்திருப்பதும் உண்டு. மலிவான இத்தகட்டையும், கார்புரேட்டர் அடியிலுள்ள பீனாலிக் பிசின் இடைத்துண்டுகளையும் மீண்டும் பொருத்துவதே பல வண்டிகளுக்குப் போதுமானது. தகட்டின் இருபுறமும் காற்று செல்ல இடைவெளி தேவை.

ஹெடரின் மேல் பீங்கான் பூச்சு இடுவது செலவு மிக்கதாயினும் நீடித்த தீர்வு. உட்புறமும் பூசப்பட்டால் துருவும் தடுக்கப்படும். கண்ணாடியிழை நாடாவைச் சுற்றுவது மலிவானது, பயனும் தரும். எனினும் நாடா ஈரத்தைப் பிடித்துவைப்பதால், எப்போதாவது மட்டும் ஓட்டப்படும் வண்டியில் சாதாரண எஃகுக் குழாய் விரைவில் துருப்பிடித்து ஓட்டையாகும். எண்ணெய் ஊறிய நாடா தீப்பற்றவும் கூடும். அடைப்பிதழ் மூடியில் எண்ணெய்க் கசிவுள்ள பொறியில் அதைச் சுற்றலாகாது.

தீயும் கல்நாரும்

மிதவை ஊசி சிக்கிக்கொண்டால் மிதவைக் கலத்திலிருந்து பெட்ரோல் வழியும். இதற்கான வழிவுக் குழாய்கள் குழல்தொகுதியைக் கடந்து கீழே செல்லுமாறு அமைந்திருத்தல் இன்றியமையாதது. ஹெடர் பொருத்தும்போது இவை இடம் மாறிவிடுகின்றன. இரப்பர் எரிபொருள் குழாய்களையும் அப்போதே மாற்றுவது நன்று.

பழைய வெப்பத்தடுப்புத் தகடுகளிலும் கேஸ்கெட்டுகளிலும் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால், ஐக்கிய இராச்சியம் 1999 இல் கல்நார்ப் பயன்பாட்டை முற்றாகத் தடைசெய்தது. இத்தகைய தகட்டைத் தேய்க்கவோ, துளையிடவோ, அழுத்தக் காற்றால் ஊதவோ கூடாது. நனைத்து, பையிலிட்டு மூடி, உள்ளூர் விதிகளின்படி அகற்றுதல் வேண்டும்.