கிராமக் காரியாலயங்களும் தொலைபேசியும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் அரச பணிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கடமையாற்றுவோர். தலைமைக் காரியாலயத்துக்கும் கிராமக் கிளைக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு சீர்குலைதல் அவர்கள் நன்கு அறிந்த இடர். அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இங்கே சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

கிளிநொச்சியிலே தலைமைக் காரியாலயமும், முழங்காவிலிலும் ஒட்டுசுட்டானிலும் கிளைகளும் உடைய ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்வோம். விதைநெற் கடனை நாடிக் கமக்காரர் ஒருவர் காலைப் பஸ்ஸிலே கிளைக்கு வருகின்றார். இலிகிதர் தலைமைக் காரியாலயத்தை அழைக்கின்றார். மறுமுனையார் பேசுவது தெளிவாகக் கேட்கின்றது. இலிகிதரின் குரலோ அங்கே துண்டு துண்டாகவே எட்டுகின்றது. “இணைப்பு மந்தம், நாளைக்கு வாருங்கள்” என்று கமக்காரர் திருப்பியனுப்பப்படுகின்றார். ஒரு நாள் உழைப்பும் பஸ் கட்டணமும் அவருக்கு நட்டம். இதற்கு இணைப்பின் மந்தம்தான் காரணமா?

முற்காலத்திலே ஒவ்வோர் அழைப்புக்கும் தனிவழி ஒதுக்கப்பட்டது. இணையவழித் தொலைபேசியோ குரலைப் பெரும்பாலும் நொடிக்கு 50 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் முகவரியிட்ட பொதியாக்கி, கடிதங்களும் படங்களும் செல்லும் அதே வழியில் அனுப்புகின்றது. அப்பொதிகளைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைகுறியாக்கி, வேறோர் உறையிலிட்டு அனுப்பும் ஏற்பாடே வி.பி.என். எனப்படுவது. அதனாலே மூன்று ஊர்க் காரியாலயங்களும் ஒரே கட்டடத்தின் அறைகள்போல உள்ளிலக்கத்தால் அழைத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஜி.729 என்னும் சுருக்கமுறையில் ஒரு குரற்றுண்டு 20 பைட்டு. முகவரி முதலியவற்றுக்கு 40 பைட்டு. வயர்கார்ட் என்னும் வி.பி.என். உறைக்கு மேலும் 60 பைட்டு. கடிதத்திலும் உறையே ஐந்து மடங்கு கனம்! ஆயினும் ஓர் அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 48 கிலோபிட்டே வேண்டும். ஜி.711 முறையிலோ ஏறத்தாழ 104 கிலோபிட் வேண்டும். எனவே, 512 கிலோபிட் மட்டுமே மேலேற்றும் இணைப்பிலும் ஜி.729 முறையில் நான்கு அழைப்புக்கள் பாதியிடத்துள் அடங்கிவிடும். பின்னர்க் குரல் சிதைவானேன்?

பக்கத்து மேசையிலே மற்றோர் இலிகிதர் 2 மெகாபைட் அளவான ஆவணப் படமொன்றை அனுப்புகின்றார். அதற்கு அரை நிமிடத்துக்கு மேற் செல்லும். அப்படத்தின் பொதிகள் மோடத்திலே வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசை 64 கிலோபைட் நீளமாயின், பின்னே வரும் குரற்பொதி ஒரு நொடி காத்திருக்க நேரும். உரையாடல் இயல்பாக நிகழ ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடியுள் அமைதல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒற்றைப் பாலத்தில் நெல் லொறிகள் வரிசையாக நிற்க, நோயாளர் வண்டி பின்னே சிக்குண்டது போன்ற நிலை இது. ஏ.டி.எஸ்.எல். போன்ற இணைப்புக்கள் இறக்கத்துக்கு அகன்றும் ஏற்றத்துக்கு ஒடுங்கியும் இருப்பதனாலேதான் வரும் குரல் தெளிந்தும் செல்லும் குரல் சிதைந்தும் போயின.

ஆதலின் முதற்பரிகாரம் பாலத்தை அகட்டுதலன்று, வரிசையை ஒழுங்குசெய்தலே. நம் ரௌட்டர், இணைப்பின் முழு அளவுக்குச் சற்றுக் குறைவாக, 450 கிலோபிட் அளவில் அனுப்புமாறு அமைத்தல் வேண்டும். அப்பொழுது வரிசை மோடத்தில் அன்றி, நம் கட்டுப்பாட்டிலுள்ள ரௌட்டரிலே உண்டாகும். அங்கே குரலுக்கு முதலிடம் அளிக்கலாம். ஆனால் வி.பி.என். உறையிட்டபின் குரலும் படமும் ஒரேவிதமாகத் தோன்றும். எனவே உறையிடுமுன் தரம்பிரித்தலோ, உறையின் வெளிப்புறத்திலும் முதன்மைக் குறியிடுதலோ இன்றியமையாதது. தலைமைக் காரியாலயமும் கிளைகளுக்கு அனுப்புவதை இவ்வாறே ஒழுங்குசெய்தல் வேண்டும். பெருங் கோப்புக்களை இரவில் அனுப்புதலும் நன்று.

வி.பி.என். இணைப்பை டி.சி.பி. வழியில் அமைத்தலும் குரலுக்கு ஆகாது. தொலைந்த பொதி மீண்டும் வந்து சேரும்வரை அது பின்வந்தவற்றை நிறுத்திவைக்கும். கோப்புக்கு அது நன்மை. பேச்சுக்கோ ஓர் அசை இழத்தலினும் காலந்தாழ்த்தலே பெருங்கேடு. யூ.டி.பி. வழியே பொருத்தமானது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழைய கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. புதிய கருவியோ கிளையில் மின்சாரம் நின்றால் ஊமையாகும். ரௌட்டருக்கும் தொலைபேசிக்கும் ஒரு மின்கலச் சேமிப்புக் கருவி வேண்டும்.

தொழில்நுட்பம் பயிலும் மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். கிளையொன்றிலிருந்து முறைப்பாடு வந்தால், அதிக வேகத்தை விலைக்கு வாங்குமுன், கோப்பு அனுப்புதல் யாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு அழைத்துப் பாருங்கள். குரல் தெளிந்தால் குற்றம் வரிசையிலேயே உள்ளது. அதைத் திருத்த ஒரு பிற்பகல் போதும். திருத்தினால், கமக்காரர் வந்த அன்றே தம் அலுவலை முடித்து வீடு திரும்புவார்.